தேநீர்க்கடைப் பெஞ்சியில் ஓரிடம்

"இம்முறை மன்ற மலருக்கு என்ன எழுதப் போகிறாய்?" என்று விடுதித் தோழியர் கேட்டனர். "எங்கள் ஊர்த் தேநீர்க்கடையைப் பற்றி" என்றேன். நகைத்தார்கள். நுண்ணுயிரியலில் முதுகலை படிப்பவள் நொதிகளைப் பற்றி எழுதலாம். தமிழ் மன்ற மலராயிற்றே, சிலம்பையோ மேகலையையோ பற்றி எழுதலாம். தேநீர்க்கடையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? அதுவும் ஒரு பெண்! இந்தக் கடைசிச் சொற்களை அவர்கள் வாய்விட்டுக் கூறவில்லை. ஆயினும் முகத்தில் படித்தேன். படித்த பிறகு எழுதாமலிருக்க என்னால் முடியவில்லை.

என் ஊர் குட்வில் எஸ்டேட். தெற்கு அந்தமானில் உள்ளது. 'நல்லெண்ணத் தோட்டம்' என்று தமிழ்ப்படுத்திச் சொல்லிப் பார்த்து நானே மகிழ்ந்ததுண்டு. பிறந்தது என்னவோ இராமநாதபுரத்துச் சீமையில். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தீவுகளைச் சூறையாடியபோது எனக்கு வயது இரண்டு. இடிந்தவற்றை எடுத்துக் கட்ட ஆள் வேண்டும் என்று செய்தி வந்தது. அடுத்த ஆண்டே அப்பா கப்பலேறினார். அவர் கொத்தனார். பின்னாலேயே என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு அம்மாவும் சென்றார். அவர் சித்தாள். பிறருக்கு வந்த அழிவு எங்களுக்குப் பிழைப்பாயிற்று. இதை எண்ணும்போது இன்றும் சற்று நாணமாகவே இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

அந்தமானில் மாலை என்பது நீங்கள் இங்கே காணும் மாலையன்று. இந்தியத் திட்ட நேரம் 82.5 பாகை நெடுங்கோட்டைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. எங்கள் தீவோ ஏறத்தாழ 92.7 பாகையில் கிடக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு மணித்துளி என்று கணக்கிட்டால், எங்கள் ஞாயிறு கடிகாரத்தைக் காட்டிலும் நாற்பது மணித்துளி முந்திக்கொள்கிறது. மார்கழி மாதத்தில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். வேலை விட்டு வருகிறவன் இருளில்தான் வருவான். ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் வேறு. அந்த இருளிலும் மழையிலும் தகரக் கூரையின் கீழ் ஒரு விளக்கு எரிந்தால், அதனடியில் பால் பொங்கும் மணமும் எண்ணெய்ச் சட்டியின் இரைச்சலும் இருந்தால், எவன்தான் நேரே வீட்டுக்குப் போவான்?

எங்கள் கடைக்காரர் வங்காளி. எல்லாரும் அவரைத் 'தாதா' என்றே அழைப்பர். இரண்டு பெஞ்சிகள். அவற்றுள் ஒன்று படாக் மரத்துப் பழைய பலகை. பல்லாண்டுகளாக உட்கார்ந்தவர் உரசி உரசி அது செம்புபோல் மின்னும். பரோட்டா, உருளைக்கிழங்குக் குருமா, வடை, வங்காளியின் சிங்காரா, மீன் கிடைத்த நாளில் வறுத்த மீன். ஒரு கணக்குப் புத்தகம். அதில் எல்லாருடைய கடனும் இந்தியில் எழுதப்பட்டிருக்கும். அப்பாவின் பெயருக்குப் பதில் 'மிஸ்திரி' என்றிருக்கும். 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளில் வாழ்ந்தோர் 3.8 இலட்சம் பேர். வங்காளமும் இந்தியும் பேசுவோர்க்கு அடுத்தபடி மிகுதியானோர் தமிழர். பெஞ்சியில் உட்கார்ந்தால் இந்தக் கணக்கைக் கண்ணாலேயே காணலாம். வங்காளி, தெலுங்கர், மலையாளி, சோட்டா நாகபுரியிலிருந்து வந்த ராஞ்சிக்காரர், நம்மவர். எல்லாருக்கும் பொதுவாக இலக்கணம் இல்லாத ஒரு தீவு இந்தி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் ஒரே கண்ணாடிக் குவளை. இதைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். தாய்த்தமிழகத்தில் இரட்டைக் குவளை வைத்த தேநீர்க்கடைகளைப் பற்றி நாம் கேட்டிருக்கிறோம், சிலர் கண்டிருக்கிறோம். 1957-இல் திருவல்லிக்கேணியில் ஓர் உணவு விடுதியின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்னும் ஒரு சொல்லை அகற்றச் சொல்லிப் பெரியார் கிளர்ச்சி நடத்தினார். ஒரு சொல்லுக்கு இவ்வளவு போராட்டமா என்று அன்றும் சிலர் கேட்டிருப்பர். உண்ணும் இடத்தில் ஒருவனைத் தள்ளி வைத்தால் ஊரிலேயே தள்ளி வைத்ததாகும் என்பதை அறிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

அப்படியானால் எங்கள் கடையில் குறையே இல்லையா? சிறு வயது முதல் நாள்தோறும் நான் கண்ட காட்சியைக் கூறுகிறேன். குறை இருந்தால் அதிலேயே தெரியும்.

அப்பாவும் அம்மாவும் ஒரே இடத்தில் வேலை செய்வர். அவர் கல் வைப்பார். இவர் சாந்துச் சட்டி சுமப்பார். ஒரே வெயில், ஒரே மழை, ஒரே சிமெண்டுத் தூள். மாலையில் ஒரே வண்டியில் வந்து கடை முனையில் இறங்குவர். அங்கே பாதை பிரியும். அப்பா பெஞ்சிக்குப் போவார். அம்மா அடுப்புக்குப் போவார். அரை மணி கழித்து அப்பா வரும்போது நெகிழிப் பையில் முடிந்த தேநீர் ஒன்று அவர் விரலில் தொங்கும். அது அம்மாவுக்கு. அன்பில்லாத மனிதர் அல்லர் என் அப்பா. ஒரு நாளும் அந்தப் பையை மறந்ததில்லை. ஆனால் அது வந்து சேரும்போது ஆறியிருக்கும். அம்மா அதை ஊற்றிச் சுட வைத்துக் குடிப்பார். சுட வைத்த தேநீர் கசக்கும். என் வேதியியல் ஆசிரியர் அதற்குக் காரணம் சொல்லுவார். அம்மாவுக்குக் காரணம் வேண்டியதில்லை, பழகிவிட்டது.

ஆறிய தேநீருக்காகவா இவ்வளவு எழுதுகிறாய் என்பீர்கள். இல்லை. அந்தப் பெஞ்சியில் வேறொன்று நடக்கிறது. எந்த இடத்தில் கட்டடம் எழும்புகிறது, எந்தக் காண்டிராக்டர் ஒழுங்காகப் பணம் கொடுப்பான், எவன் இழுத்தடிப்பான், கப்பலில் எத்தனை ஆள் வந்திறங்கியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். காண்டிராக்டரே அங்கே வந்து உட்காருவார். கொத்தனாருக்கு இவ்வளவு, மம்பட்டியாளுக்கு இவ்வளவு, சித்தாளுக்கு இவ்வளவு என்று வாரக் கூலி பேசப்படுவது அங்கேதான். சித்தாள் கூலியை முடிவு செய்யும் அந்தப் பேச்சில், நான் அறிந்த இருபது ஆண்டுகளில், ஒரு சித்தாளும் இருந்ததில்லை. கொத்தனாரின் கூலி ஏறியபோதெல்லாம் சித்தாளின் கூலியும் ஏறியதா என்று அம்மாவைக் கேட்டேன். "அவுக பேசி வச்சதுதான்த்தா" என்றார். யார் பேசி வைத்தது? எங்கே? இந்தக் கேள்விதான் என்னை இந்தக் கட்டுரைக்கு இழுத்து வந்தது.

ஆங்கில நாட்டில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு 'பப்' உண்டு என்று படிக்கிறோம். 'பொது வீடு' என்று பொருள்படும் இரு சொற்களின் சுருக்கம் அது. நம் மாணவர் சிலர் திரைப்படத்தில் கண்டுவிட்டு அதை ஏதோ கூத்துக்கூடம் என்று எண்ணுகிறார்கள். ஜார்ஜ் ஆர்வெல் 1946 பிப்ரவரியில் ஒரு லண்டன் மாலை நாளிதழில் தம் மனத்துக்குப் பிடித்த பப் ஒன்றைப் பற்றி எழுதினார். (இவர் பிறந்தது நம் பீகாரில், மோதிஹாரியில்.) அங்கே வானொலி அலறாது, பேச்சுக் காதில் விழும். பரிமாறும் பெண்டிர்க்கு வருகிறவர் பெயர் தெரியும். எளிய சிற்றுண்டி கிடைக்கும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அப்படி ஒரு கடையே இல்லை என்று இறுதியில் ஒப்புக்கொள்கிறார்! அவர் மிக விரும்பிக் கூறியது மதுவையன்று. கடைக்குப் பின்னாலிருக்கும் தோட்டத்தைத்தான். அந்தத் தோட்டம் இருப்பதால் குடும்பமே அங்கு வரலாம். தாய் குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் கிடக்கத் தந்தை மட்டும் தனியே போக வேண்டியதில்லை என்கிறார். இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். லண்டனில் இருந்த அந்த மனிதருக்கு எங்கள் கடை முனையில் பாதை பிரிவது எப்படித் தெரிந்தது?

'பொது' என்று பெயர் வைத்துக்கொண்ட வீடுகளும் பெண்ணுக்குப் பொதுவாக இருந்ததில்லை. 1965 மார்ச்சு 31 அன்று ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் மெர்ல் தார்ன்டன், ரோசலி பாக்னர் என்னும் இரு பெண்கள் ஒரு மதுக்கூடத்துக்குள் நுழைந்து, அங்கிருந்த கால்தாங்கிக் கம்பியில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டனர். பொது மதுக்கூடத்தில் பெண்ணுக்குப் பரிமாறக் கூடாது என்றிருந்ததை எதிர்த்த போராட்டம் அது. லண்டனில் செய்தியாளரும் வழக்கறிஞரும் கூடும் எல் வினோ என்னும் கடையில், ஆண்கள் மேடையருகே நின்று குடிக்கலாம். பெண்கள் மட்டும் உள்ளே போய் மேசையில் உட்கார வேண்டும் என்று வழக்கம் இருந்தது. 1982-இல் நீதிமன்றம் அது செல்லாது என்றது. வேடிக்கையைப் பாருங்கள்! அங்கே பெண் நிற்கக் கூடாது; இங்கே பெண் உட்காரக் கூடாது. செய்தி பரிமாறப்படும் இடம் எதுவோ அதுதான் அவளுக்கு விலக்கு.

நம் அரசியலமைப்பு 1950 சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தபோதே, கடைகளிலும் உணவு விடுதிகளிலும் நுழைவதற்குச் சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் என்பவற்றைக் காரணமாகக் கொண்டு எவரையும் தடுக்கலாகாது என்று 15-ஆம் பிரிவு கூறிவிட்டது. சாதி என்ற சொல்லின் பக்கத்திலேயே பால் என்ற சொல்லும் இருக்கிறது. முன்னதைப் பற்றி மேடைதோறும் பேசினோம், நன்று. பின்னதை யாரும் தடுக்கவில்லையே என்பார்கள். உண்மைதான், எங்கள் தாதா எந்தப் பெண்ணையும் தடுத்ததில்லை. எந்தப் பெண்ணும் வந்ததில்லை. சட்டம் தொட முடியாத தடை இதுதான். வாயிலில் யாரும் நிற்பதில்லை. நம் காலே நம்மைத் திருப்பி விடுகிறது.

தமிழ்ப் பண்பாடு என்று ஒருவர் எழுந்திருப்பார். எழட்டும். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் கள் விற்கும் கடைக்குக் கொடி பறந்ததைக் காண்கிறோம். புறநானூற்றின் 235-ஆம் பாட்டு நாம் பாடமாகப் படித்ததுதானே? அதியமான் இறந்தபின் அவ்வையார் அழுத பாட்டு. சிறிது கள் கிடைத்தால் அவன் அதை எங்களுக்கே கொடுப்பான் என்றும், மிகுதியாகக் கிடைத்தால் எங்களைப் பாடச் சொல்லித் தானும் உடன் மகிழ்ந்து உண்பான் என்றும் அவர் நினைவுகூர்கிறார். அந்த அவையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், உண்டாள், பாடினாள். தூதும் சென்றாள். உடன் உட்காராதவளைத் தூதனுப்பியிருப்பானா அதியமான்?

உடனே அடுத்த கேள்வி வரும்: "பெண்களைக் கள்ளுக்கடைக்கு அழைக்கிறாயா?" வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்திருப்பதை நானும் அறிவேன். எஸ்டேட் என்ற சொல்லுக்கே நம்மவர் வரலாற்றில் ஒரு கசப்பு உண்டு. மலாயாவில் தோட்டந்தோறும் கள்ளுக்கடை இருந்தது. காலையில் கொடுத்த கூலி மாலையில் அங்கே கரைந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு அந்தக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டனர். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்றும் கேட்டனர். கூலியும் கள்ளும் சைக்கிளும் ஒரே பட்டியலில்! தன்மானம் என்பது எங்கெங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே குடியைப் புகழ நான் வரவில்லை. ஆனால் என் துறை சார்ந்த ஒன்றைச் சொல்லாமலும் இருக்க முடியாது. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்கும் சாறு காற்றிலுள்ள நொதியுயிர்களால் சில மணி நேரத்தில் கள்ளாகிறது. அதில் ஆல்ககால் ஏறத்தாழ 4 முதல் 6 விழுக்காடு. தமிழ்நாட்டில் 1987 முதல் அது விலக்கப்பட்டது. 42.8 விழுக்காடு கொண்ட புட்டிச் சரக்கை, 2003 முதல், அரசு நிறுவனமே கடை வைத்து விற்று வருகிறது. வயிற்றில் உணவு இருந்தால் ஆல்ககால் குருதியில் மெல்ல ஏறும். வெறும் வயிற்றில் விரைந்து ஏறும். பெரும்பாலான கடைகளின் புறத்தே நாம் காண்பது என்ன? உட்கார இடமில்லை, உண்ணத் தக்க உணவில்லை, தெரிந்த முகமில்லை. சாலையோரம் நின்று, தலையைத் தூக்கி, ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு நகர்கிறார்கள். இதற்கும் ஆர்வெலின் பொது வீட்டுக்கும் என்ன உறவு? கேரளத்தில் கள்ளுக்கடையில் கப்பையும் மீன் குழம்பும் உண்டு. அங்கே சாப்பிடவே செல்வோரும் உண்டு. எங்கள் தேநீர்க்கடை அந்த வகையில் பொது வீட்டுக்கு நெருங்கிய உறவு. குடிப்பது தேநீர் என்பது ஒன்றுதான் வேறுபாடு.

பெண்கள் வந்து உட்கார்ந்தால் ஆண்கள் ஒழுங்காக இருப்பார்கள் என்று சில நல்ல மனிதர்கள் வாதிடுவார்கள். எனக்கு அந்த வாதம் வேண்டா. நாள் முழுதும் சாந்துச் சட்டி சுமந்தவள் மாலையில் ஆடவர்க்குக் காவலாளாகவும் இருக்க வேண்டுமா? அவள் சூடான தேநீர் குடிக்க வரட்டும். அது போதும்.

நம் வீட்டுக் கதையையும் சற்றுப் பார்ப்போமா, நண்பர்களே? நம் தமிழ் மன்றக் கூட்டங்களில் மாணவியர்தாம் மிகுதி. முன்வரிசை நாற்காலிகள் எங்களுக்கே. கூட்டம் முடிகிறது. மாணவர்கள் வாயிலுக்கு எதிரேயுள்ள தேநீர்க்கடைக்குப் போகிறார்கள். நாங்கள் எட்டு மணிக்குள் விடுதிக்குத் திரும்புகிறோம். உண்மையான கூட்டம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அடுத்த பட்டிமன்றத்துக்குத் தலைப்பு என்ன, யார் நடுவர், செயலாளர் தேர்தலில் யாரை நிறுத்துவது எல்லாம் மறுநாள் காலையில் எங்களுக்கு வந்து சேரும். ஆறிய தேநீர் போல. சென்ற ஆண்டு ஒரு மாணவர் என்னிடம், "நாங்கள் பேசி வைத்திருக்கிறோம், நீங்கள் துணைச் செயலாளர்" என்று பரிவோடு கூறினார். அம்மாவின் சொற்கள் காதில் ஒலித்தன. இனி மாதத்துக்கு ஒரு கூட்டத்தையாவது அந்தக் கடைப் பெஞ்சியிலேயே, பகல் வேளையில், எல்லாரும் இருக்கும்போது வைக்கலாம் என்று இம்மலர் வாயிலாக முன்மொழிகிறேன். வழிமொழிவார் யாரேனும் உண்டா?

கோடை விடுமுறைக்கு ஊருக்குச் சென்றிருந்தேன். ஒரு நாள் மாலை, வண்டியிலிருந்து அவர்கள் இறங்கும் நேரத்தில் முனையில் காத்திருந்தேன். "வாங்கம்மா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவோம்" என்றேன். அம்மா திடுக்கிட்டார். "அங்கன ஆம்பளைக உக்காந்திருப்பாக. நமக்கு என்னத்தா வேலை?" என்றார். அப்பா ஒன்றும் கூறவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஒங்களுக்கும் எனக்கும் காசு நான் குடுக்கிறேன்" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

நாங்கள் நுழைந்தபோது பேச்சு நின்றது. மழை தகரத்தில் பெய்யும் ஓசை மட்டும் கேட்டது. படாக் பலகையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நகர்ந்தார்கள். வேண்டியதற்கு மேலேயே நகர்ந்தார்கள். தாதா தம் தோள் துணியால் பலகையை இருமுறை துடைத்தார். எங்களுக்கு முன் வந்தவர் எவருக்கும் அவர் துடைத்ததை நான் கண்டதில்லை. அம்மா நுனியில் உட்கார்ந்தார். குவளையை முந்தானையால் பிடித்துக்கொண்டார். அப்பா எதிர்ப் பெஞ்சியில் அமர்ந்து மழையைப் பார்த்தார்.

"சுடுது" என்றார் அம்மா. குறையாகச் சொல்லவில்லை.

மறுநாளும் அழைத்தேன், வந்தார். மூன்றாம் நாள் நான் அழைக்கவில்லை. வாரக் கடைசி அது, காண்டிராக்டர் உட்கார்ந்திருந்தார். நான் அப்பாவுக்குப் பின்னால் நின்று வடைக்குக் காசு எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மாவின் குரல் கேட்டது. "சித்தாளுக்கு எவ்வளவுங்க பேசியிருக்கீக?"

காண்டிராக்டர் குவளையைக் கீழே வைத்தார். அப்பாவைப் பார்த்தார். "மிஸ்திரி, அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

"அப்புறம்னா, நானும் இங்கனதான் இருப்பேன்" என்றார் அம்மா.